வான்காரர் கார் வாங்கப் போனார்

பாயாசம் கொட்டிவிட்டது. கொஞ்சநஞ்சமல்ல, அரை அண்டா.

பங்குனி மாதத்து மொன்றியலில் பள்ளங்களுக்கு நடுவே றோட்டைத் தேடித்தான் ஓட வேண்டும். அஹுன்ட்சிக்கில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போகிற வழியில் வானின் முன்சில்லு ஒரு பள்ளத்துக்குள் இறங்கி ஏற, பின்னால் நின்ற அண்டா மூடியோடு சரிந்தது. ஆனந்தராசா வானை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, காலைச் சுட்டுப்போட்டுதோ?"

கோயில் ஐயர் ஓமக் கற்களுக்கும் வாழைக்குலைக்கும் நடுவில் ஒடுங்கியிருந்தார். தலையில் குடுமி, நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் வெள்ளை வேட்டி, அதற்குக் கீழே முழங்கால்வரை வருகிற பனிச் சப்பாத்து. வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி குனிந்து பார்த்தார்.

"சூடில்லை. சவ்வரிசிதான் சப்பாத்துக்குள்ள போயிட்டுது."

முன்சீட்டில் இருந்த புஷ்பராணி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். அவளுடைய புருசன் ஆனந்தராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்ரியரிங்கில் ஓங்கி ஒரு அடி போட்டார். ஹோர்ன் அலறியது. பக்கத்தில் போன சைக்கிள்காரன் பிரெஞ்சில் ஏதோ திட்டிவிட்டுப் போனான்.

"இதோட சரி! இந்தக் கோதாரி வானைத் தலைமுழுகிப்போட்டு இரண்டு கதவுக் கார் வாங்கப்போறன். பின்னால ஒரு அண்டாவும் ஏறக்கூடாது. ஒரு மனுசரும் ஏறக்கூடாது!"

சொன்ன பிறகுதான் பின்னால் ஒரு மனுசர் இருப்பது ஞாபகம் வந்தது.

"ஐயா, உங்களைச் சொல்லேல்லை."

"பரவாயில்லை. எனக்கும் உந்தக் கல்லுகளோட இருந்து இருந்து முதுகு நாரி விட்டுப்போச்சுது" என்றார் ஐயர்.

ஆனந்தராசாவின் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஊரில் மினிபஸ் ஓடினார். இங்கே வந்து பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை எடுத்து, முதல் சம்பளங்களைச் சேர்த்து, பிள்ளைகளுக்காக ஒரு வான் வாங்கினார். அன்று பிடித்தது சனியன். அவர்கள் குடியிருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் யாருக்குக் கலியாணம் என்றாலும் கதிரை ஏற்ற அவர். செத்தவீடு என்றால் சனம் ஏற்ற அவர். விமான நிலையத்துக்கு அவர், கோயில் அண்டாவுக்கு அவர். ஐயரை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவதும் அவரே. பிள்ளைகள் வளர்ந்து ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். வான் போகவில்லை. ஆனந்தராசா என்று ஒரு பெயர் இருப்பதே சனத்துக்கு மறந்து "வான்காரர்" என்றே நிலைத்துவிட்டது. போன மாதம் ஒரு கலியாணக் கார்டில் "திரு. திருமதி வான்காரர்" என்றே எழுதிக் கொடுத்திருந்தார்கள். புஷ்பராணி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தாள்.

சாவதற்கு முன் ஒருநாளாவது, தன்னுடைய ஆசைக்கென்று ஒரு வாகனத்தில் ஏறி, எவரையும் ஏற்றாமல், எங்கேயும் இறக்காமல் ஓட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் ஆசைப்பட்டது ஒரு காராக இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் இரண்டு காரில் ஆசைப்பட்டார்.

இரண்டும் அமெரிக்க ஜாதி. நீள மூக்கு, எட்டு சிலிண்டர், மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒன்று பழசு: அவர் பிறந்த எழுபத்தோராம் ஆண்டில் பிறந்த சிவப்புக் கார், கையால் கியர் போடுவது. மொன்றியல் தீவின் மேற்குக் கோடியில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் முசியு றோலாண் என்ற கிழவர் அதைப் போர்வை போர்த்தி வளர்த்து வந்தார். முழங்கால் தேய்ந்து கிளச்சு மிதிக்க ஏலாமல் போனபடியால் விற்கிறார். மற்றது புதுசு: கடையில் வந்து இறங்கிய கறுப்பு. கியரைத் தானே மாற்றும், முதுகைத் தானே சூடாக்கும், பின்னால் என்ன நிற்கிறதென்று திரையில் படம் காட்டும்.

"கறுப்பை எடுங்கோ. மாரிக் குளிரிலயும் ஓடலாம்" என்றாள் புஷ்பராணி.

"ஓமப்பா, ஆனா அதின்ர எஞ்சின் சத்தம் ஸ்பீக்கருக்குள்ளால வருதாம். கடைக்காரப் பொடியனே சொல்லுறான். உது கச்சேரிக்கு வாயசைக்கிற மாதிரியெல்லே?"

"அப்ப சிவப்பை எடுங்கோ."

"அது மாரி முழுக்க கராச்சுக்குள்ள நித்திரை கொள்ளும். எனக்கும் அதுக்கும் ஒரே வயசு. ஆர் முதல்ல படுக்கிறதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"அப்ப கறுப்பு."

"ஓம், ஆனா சிவப்பு..."

பங்குனி இப்படியே போனது. சனிக்கிழமை வந்தால் சென்ட்-ஆனுக்குப் போய் சிவப்பைத் தடவிவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்க் கறுப்புக்குள் இருந்துவிட்டு வருவார். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தும் வலக்கை கியர் போட்டது. புஷ்பராணிக்குப் பொறுமை போய்விட்டது.

"மனுசருக்குப் பைத்தியம் பிடிக்கமுதல் கோயிலில பூக்கட்டிப் பாப்பம். அம்பாள் சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போனார்கள். சிவப்புப் பூ வந்தால் பழசு, வெள்ளை வந்தால் புதுசு என்று பேச்சு. தட்டில் பழம், வெற்றிலை எல்லாம் வைத்து, புஷ்பராணி முன்னதாகப் போய் ஐயரோடு குசுகுசுவென்று ஏதோ கதைத்தாள். ஐயர் தலையாட்டினார். பிறகு ஆனந்தராசாவைக் கூப்பிட்டார்.

"பேர், நட்சத்திரம் தெரியும். வாகனங்களின்ர விபரம் சொல்லுங்கோ. எந்தக் காரெண்டு அம்பாளுக்குத் தெளிவாச் சொல்லவேணுமெல்லே?"

ஆனந்தராசா சொன்னார். காரைப் பற்றிக் கேட்க ஆள் கிடைத்தால் அவர் நிறுத்தமாட்டார்.

"பழசு எங்க நிக்குது?"

"சென்ட்-ஆனில ஐயா. படகு போற கால்வாய்க் கதவுக்குப் பக்கத்தில, நீலக் கதவு வீடு."

"எந்தத் திசையைப் பாத்து நிக்குது?"

"கிழக்க."

"நல்லது. சூரியனைப் பாத்து நிக்குது."

"ரெலிபோன் நம்பரும் குடுங்கோவன், அம்பாள் அடிச்சுக் கதைக்கட்டும்" என்றாள் புஷ்பராணி.

அவள் பகிடிக்குச் சொன்னாள். ஆனந்தராசா கைபேசியை எடுத்து நம்பரையும் வாசித்துவிட்டார். ஐயர் கண்ணை மூடி எல்லாவற்றையும் மந்திரத்தோடு சேர்த்துச் சொன்னார். பூ மடித்த இரண்டு பொட்டலத்தைத் தட்டில் போட்டுக் குலுக்கினார். புஷ்பராணி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

அந்தக் கணத்தில்தான் ஆனந்தராசாவுக்குத் தன் மனம் தெரிந்தது. நெஞ்சுக்குள் யாரோ போர்வையை இழுத்துச் சிவப்புக் காரை மூடினமாதிரி இருந்தது.

"ஐயா, மூண்டு தரம் பாக்கிறதுதானே முறை?"

இரண்டாம் தரமும் வெள்ளை. மூன்றாம் தரமும் வெள்ளை. அம்பாள் அவ்வளவு பிடிவாதமாக நிற்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வாடிப்போய், தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தைச் சும்மா கையில் எடுத்தார். அது அவிழ்ந்தது. அதற்குள்ளும் வெள்ளைப் பூ.

ஐயர் மூலஸ்தானத்துக்குள் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் உள்ளே போனார்.

"புஷ்பம்!"

"கத்தாதேங்கோ. ஓம், நான்தான் ஐயரிட்டைச் சொன்னனான்."

"அம்பாளுக்கு முன்னால கள்ள வாக்கோ? வெக்கமாயில்லையோ உனக்கு?"

"வெக்கம்தான்." அவள் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பழசு இரவில நடுறோட்டில நிண்டுபோனா? நீங்கள் தனியா நிண்டு விறைச்சா? எனக்கு உங்களை விட்டா ஆர் இருக்கினம்?"

ஆனந்தராசாவின் கோபம் கரைந்தது. அவள் சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"வெள்ளை வந்தநேரம் உங்கட முகத்தைப் பாத்தன். ஐயோ பாவமாக் கிடந்தது. சிவப்பையே வாங்குங்கோ."

அன்றைக்கே ஆனந்தராசா கடைக்குப் போன் அடித்து, கறுப்பு வேண்டாம் என்று சொன்னார். கறுப்பை அடுத்தநாளே வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அவருக்கு அது மயிரிழையளவும் கவலை தரவில்லை. இனிச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, நல்ல நாள் பார்ப்பது. நாள் பார்க்காமல் அவர் வீட்டில் தலையணைகூட வாங்கியதில்லை.

வெள்ளைப் பூ விவகாரத்துக்குப் பிறகு ஐயர் அவரைக் கண்டதும் கொஞ்சம் நெளிந்தார்.

"குறை நினைக்காதேங்கோ. புஷ்பராணித் தங்கச்சி அழாக்குறையாக் கேட்டவ."

"அதை விடுங்கோ ஐயா. சிவப்பை எப்ப எடுக்கலாம்?"

ஐயர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். விரல் மடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"உங்களுக்கு அட்டமத்துச் சனியெல்லே. சித்திரை கழியட்டும். அதுக்குமுதல் வாகனத்தில கைவைக்கவே கூடாது."

"சித்திரை முழுக்கவோ?"

"முழுக்க."

வேறு வழி? முசியு றோலாணுக்குப் போன் அடித்து, பாதி பிரெஞ்சு பாதி ஆங்கிலத்தில், சனி என்ற ஒரு கிரகம் தன்னுடைய எட்டாம் வீட்டில் இருப்பதாக விளங்கப்படுத்தினார். தன் தெருவின் எட்டாம் வீட்டில் ஒரு பல் வைத்தியர் இருப்பதாகவும், அவர் நல்ல மனுசர் என்றும் கிழவர் சொன்னார். கடைசியில் பொறுத்திருக்கச் சம்மதித்தார். ஆனால் போனை வைக்கும்போது ஒரு குண்டைப் போட்டார்.

"இன்னொருத்தரும் அந்தக் காரைக் கேக்கிறார். உங்கட ஆக்கள்தான். நேற்றும் கதைச்சவர், இண்டைக்கும் கதைச்சவர்."

ஆனந்தராசாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் என்று யோசிக்கவே தேவையில்லை. புஷ்பராணியின் தம்பி சிவநேசம்! அத்தான் என்ன வாங்கினாலும் ஒரு கிழமைக்குள் அதையே வாங்குகிற ஆள். அத்தான் தொலைக்காட்சி வாங்கினால் அவன் அதைவிட ஒரு சாண் பெரிதாக வாங்குவான்.

"என்ர தம்பியோ? அவனுக்கு உந்தக் கார் இருக்கிறதே தெரியாது" என்றாள் புஷ்பராணி.

"நீ வாய் விட்டிருப்பாய்."

"நான் வாயே திறக்கேல்லை!"

"நீ வாய் திறக்காத நாள் எது?"

பதறிக்கொண்டு திரும்பவும் கோயிலுக்கு ஓடினார். ஐயர் ஆறுதலாகக் கேட்டார்.

"பதறாதேங்கோ. தடை என்னெண்டு சொல்லட்டோ? வாசலில பழைய வாகனம் நிக்குமட்டும் புது வாகனம் வராது. முதல்ல அந்த வானை அனுப்புங்கோ."

ஆனந்தராசா தயங்கினார். "அனுப்பலாம். பேந்து உங்களை ஆர் ஐயா ஏத்தி இறக்கிறது?"

"என்னைப் பற்றி யோசியாதேங்கோ. அம்பாள் எனக்கொரு வழி காட்டுவா."

இப்படி ஒரு மனுசனா என்று ஆனந்தராசாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. அப்போதே அவருடைய மூளையில் ஒரு மின்னலும் அடித்தது. வானைச் சிவநேசத்தின் தலையில் கட்டினால் என்ன? கையில் வான் இருந்தால் அவன் காரைப் பற்றி நினைக்க நேரம் இருக்காது. ஒரே கல்லில் சனியும் போகும், மச்சானும் போவான்.

"சும்மாவோ தாறியள்?" சிவநேசத்தால் நம்ப முடியவில்லை.

"உனக்கில்லாததோ?"

"அத்தான்! என்ர தெய்வம் அத்தான்!"

அவன் வானைக் கொண்டுபோய் இரண்டாம் நாள் போன் வந்தது. "அத்தான், ஆரோ அண்டா ஏத்த வேணுமெண்டு கேக்கினம். என்னைக் காணேல்லையெண்டு சொல்லுங்கோ."

ஆனந்தராசா வெளிப்படிக்கட்டில் இருந்து வெறும் வாசலைப் பார்த்தபடி நன்றாகச் சிரித்தார். அடுத்தநாள் காலை மழையில் பஸ்ஸுக்கு நின்று வேலைக்குப் போகும்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த கிழமை கோழி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மெற்றோவில் வந்தபோது சுத்தமாகப் போய்விட்டது. ஆனாலும் பொறுத்தார். சித்திரையில் பாதி போய்விட்டது. பனி கரைந்து, பழைய கார்க்காரர்கள் எல்லாம் போர்வையை இழுத்துவிட்டு றோட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஒவ்வொரு உறுமலுக்கும் ஆனந்தராசா ஜன்னலுக்கு ஓடினார்.

ஒருநாள் காலை புஷ்பராணியால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

"எழும்புங்கோ. போய் இண்டைக்கே எடுங்கோ."

"சனி?"

"சனியை நான் பாத்துக்கொள்ளுறன். ஐயருக்கும் காலமை அடிச்சுப் பாத்தன், அவர் எடுக்கேல்லை. கேக்காமலே போவம். இவ்வளவு வருசமும் எல்லாரின்ர நல்ல நாளுக்கும் நீங்கள் வான் ஓடினீங்கள். உங்களுக்கு ஒரு நாள் பிழைச்சா என்ன?"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் சொன்ன எதுவும் ஆனந்தராசாவுக்கு இவ்வளவு இனித்ததில்லை. அவள் நாலு எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டு நீட்டினாள்.

"நாலு சில்லுக்கும் வைச்சு நசிச்சுப்போட்டு எடுங்கோ. நானும் வாறன். ஆனா பக்கத்தில இருப்பன். நானும் ஏறக்கூடாதோ?"

"நீ மட்டும் ஏறலாம்" என்றார். இரண்டு பேரும் புதுப் பொம்பிளை மாப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்கள்.

மெற்றோ, ஒரு பஸ், இன்னொரு பஸ். வங்கியில் எடுத்த காசோலை சட்டைப் பைக்குள், எலுமிச்சம்பழம் மடியில். வழியெல்லாம் ஆனந்தராசாவின் வலக்கை சும்மா இருக்கவில்லை. முதலாம் கியர், இரண்டாம் கியர். முன்னால் இருந்த பெண் தன் கைப்பையை மற்றப் பக்கம் மாற்றி வைத்தாள்.

சென்ட்-ஆனில் இறங்கி, கால்வாய்க் கரையால் நடந்து, நீலக் கதவு வீட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள்.

கராச்சுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே, மடித்து வைத்த போர்வை ஒன்றுதான் இருந்தது. வாசல் தரையில், சிவப்புக் கார் நின்ற இடத்தில், நாலு மூலையிலும் நாலு எலுமிச்சம்பழம் சப்பளிந்து கிடந்தது.

ஆனந்தராசா பைக்குள் இருந்த நாலையும் பார்த்தார். தரையில் கிடந்த நாலையும் பார்த்தார்.

"சிவநேசம்!" என்று பல்லைக் கடித்தார். "வானையும் தின்னு, காரையும் தின்னு!" உடனே அவனுக்குப் போன் அடித்தார்.

"அத்தான்," சிவநேசம் அழுகிற குரலில் கதைத்தான். பின்னால் பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. "லவால் பாலத்தில நிக்கிறன். சாம்பார் கொட்டிப்போட்டுது. என்ன செய்யிறது அத்தான்?"

ஆனந்தராசா போனை வைத்தார். புஷ்பராணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவனில்லை என்றால் வேறு யார்? எலுமிச்சம்பழம் நசிக்கிற வேறு யாருக்கு இந்த வீடு தெரியும்?

சத்தம் கேட்டு முசியு றோலாண் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்கும் முகம் நல்லாயில்லை.

"அந்த மற்ற ஆள் காலமை வந்திட்டார். நான் உனக்காகத்தான் வைச்சிருந்தனான், சத்தியமா. ஆனா நீ சித்திரையில வாங்கவே மாட்டாயெண்டு அவர் அடிச்சுச் சொன்னார்."

"ஆர் அவர், முசியு? எப்பிடி இருந்தார்?"

கிழவர் தன் தலைக்குப் பின்னால் கையை வைத்து ஒரு சின்னக் கொண்டை காட்டினார். பிறகு இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒரு வெள்ளைத் துணி காட்டினார்.

"முழங்கால்வரைக்கும் பனிச் சப்பாத்து. அதைக் கழட்டிப் பக்கத்துச் சீட்டில வைச்சிட்டு, வெறுங்காலோட ஏறிக் கியரைப் போட்டார் பார், அப்பிடி ஒரு சந்தோசம்! நாளைக்கு வாருங்கோ, மற்ற ஆளையும் ஒருக்காக் கேப்பமெண்டு நான் சொல்லிப் பாத்தனான். மாட்டனெண்டிட்டார். கார் வாங்க இண்டைக்கு மாதிரி ஒரு நல்ல நாள் இந்த வருசத்திலேயே இல்லையாம்!"